கிரெசெண்டோ ஆட்டத்தில் தற்காப்பு ரோபோவை எங்கே நிறுத்துவது?

தோசைக்கல் | 2024 செப்டம்பர் 14, இரவு 9:40

வணக்கம். ஸ்கார்பரோவில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களின் ரோபோ போட்டி) குழுவுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். அக்டோபரில் ஒரு ஆஃப்-சீசன் போட்டிக்குப் போகிறோம். ஆட்டம் இந்த வருடத்துக் கிரெசெண்டோதான்: மூன்று மூன்று ரோபோக்கள் கொண்ட இரண்டு கூட்டணிகள், வளையங்களை ஸ்பீக்கர் என்ற உயரமான வாயிலோ பக்கச் சுவரில் உள்ள ஆம்ப் என்ற சிறிய பெட்டியிலோ போடவேண்டும்.

எங்கள் ரோபோ சுமார் ரகம். வளையத்தை எடுக்கும், ஸ்பீக்கரை ஒட்டி நின்றால் போடும். தூரத்திலிருந்து எறியாது. ஆனால் ஸ்வெர்வ் சக்கரங்கள் (எந்தத் திசையிலும் திரும்பி ஓடுபவை) நன்றாக ஓடுகின்றன. ஓட்டும் பெண்ணுக்குக் கை நிதானம் உண்டு. இப்படிப்பட்ட ரோபோவை பிளே-ஆஃபில் யாராவது கடைசி ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்ததும் "நீங்கள் தற்காப்பு" என்பார்கள். வசந்தத்தில் ஆடிய இரண்டு போட்டிகளிலும் இதுதான் நடந்தது. எங்கே நின்று தடுப்பது என்று கேட்டால் "எதிரிக்குக் குறுக்கே" என்று பதில் வரும். கல்யாண வீட்டில் "போய் ஏதாவது உதவி செய்" என்று அனுப்புவது போல.

சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் நகர்த்தி நானும் மகனும் ஆடிப் பார்த்தோம். மூன்று இடங்கள் தெரிகின்றன. எதிரணி வளையம் வாங்கும் சோர்ஸ் நம் பக்கத்து மூலையில்தான் இருக்கிறது. அதன் வாசலில் நிற்கலாம். அல்லது நடுக்கோட்டில் நிற்கலாம். அல்லது எதிரணியின் விங்குக்குள்ளேயே, அதாவது அவர்கள் சுவரை ஒட்டிய பகுதிக்குள்ளேயே, புகுந்து அவர்களுடைய ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கலாம். மகன் நடுக்கோடு என்கிறான். ஓட்டும் பெண் ஸ்பீக்கர் என்கிறாள். எனக்குச் சோர்ஸ் வாசல் பிடித்திருக்கிறது, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. ஆடியவர்கள் சொல்லுங்கள்.

இராப்பகல் | செப்டம்பர் 14, இரவு 10:02

நான்காவது இடம் ஒன்று இருக்கிறது: உங்கள் ஸ்பீக்கர். அங்கே போய் வளையம் போடுங்கள். குளிர்காலம் முழுவதும் பிள்ளைகள் இரவு பகலாகக் கட்டிய ரோபோவை மற்றவன் வழியை மறிக்கும் மாடாக நிறுத்துவதற்கா கட்டினீர்கள்?

முன்னாள்ஓட்டுநர் | செப்டம்பர் 14, இரவு 11:15

இராப்பகல் அண்ணா, கோபம் புரிகிறது. ஆனால் கூட்டணியில் ஸ்பீக்கருக்கு முன்னால் மூன்று ரோபோக்களுக்கு இடம் இல்லை. இரண்டு நல்ல ரோபோக்கள் வந்து போகும்போது மூன்றாவது சுமார் ரோபோ நடுவில் நின்றால், சொந்தக் கூட்டாளிக்கே அது தடுப்பாட்டம்.

தோசைக்கல் ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். மூன்று வருடம் ஓட்டினேன். முதலில் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: நடுக்கோடு வேண்டாம். ஆடுதளம் 16.5 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் அகலம். நல்ல ஸ்வெர்வ் ரோபோ விநாடிக்கு 4 மீட்டருக்கு மேல் ஓடும், முகத்தைத் திருப்பாமலே பக்கவாட்டில் நழுவும். 8 மீட்டர் அகலத் திறந்த வெளியில் அதை ஒரு ரோபோவால் மறிக்க முடியாது. முதல் தடவை இடிப்பீர்கள், கூட்டம் கைதட்டும். இரண்டாவது தடவை அவன் வலப்பக்கம் போவதாகக் காட்டி இடப்பக்கம் போவான். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும் வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடுவீர்கள். பின்னால் துரத்துகிற ரோபோ தற்காப்பு ரோபோ அல்ல, பார்வையாளர்.

நான் கற்றுக்கொண்டது: எதிரி போயே ஆகவேண்டிய இடத்தை நோக்கி ஓடு. அவன் வளைந்து வரும்போது நீ உள்வட்டத்தில் இரு. அவன் 3 மீட்டர் நகர்ந்தால் நீ 1 மீட்டர் நகர்ந்தால் போதும் என்கிற தூரத்தில் நில். அப்படிப்பட்ட தூரம் அவனுடைய இலக்குக்கு அருகில்தான் கிடைக்கும். ஆகவே என் வாக்கு உங்கள் ஓட்டுநருக்கு. ஸ்பீக்கர் முன்னால்.

சிங்கைப்பிள்ளை | செப்டம்பர் 15, காலை 6:30

வெக்ஸ் (இன்னொரு பள்ளி ரோபோ போட்டி) பயிற்சியாளர் ஒருவனின் குறுக்கீடு. எங்கள் ஆடுதளம் 12 அடிச் சதுரம், ரோபோ 18 அங்குலம், ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். சுவர் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். அதனால் மூலையில் தள்ளி மறிப்பது எங்களுக்குக் கைவந்த கலை. உங்கள் தளத்தில் சுவர் தூரம். ஆனால் விங்கின் நடுவில், கடைசியில் ரோபோக்கள் தொங்கும் சங்கிலிகளோடு ஸ்டேஜ் நிற்கிறதே, அதன் கால்களைச் சுவராகப் பயன்படுத்த முடியாதா?

முன்னாள்ஓட்டுநர் | செப்டம்பர் 15, காலை 8:05

முடியும். அதுதான் விங்குக்குள் நிற்பதன் ருசி. ஸ்டேஜ் இருப்பதால் விங்கின் வழி இரண்டு சந்தாகப் பிரிகிறது. ஒரு சந்தில் நீங்கள் நின்றால் எதிரிக்கு மற்றது மட்டும்தான் மிச்சம். உயரம் குறைந்த ரோபோக்கள் ஸ்டேஜுக்கு அடியில் நுழைந்து வரும், அதை மறக்கக்கூடாது. நெட்டை ரோபோவைக் காவல் காக்கும்போது ஸ்டேஜ் கால் இலவசமாகக் கிடைத்த கூட்டாளி.

எண்ணும்எழுத்தும் | செப்டம்பர் 15, பகல் 1:20

ஸ்கவுட்டிங், அதாவது மற்ற ரோபோக்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எல்லோரும் இடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எதை மிச்சப்படுத்துகிறோம் என்று யாரும் எண்ணவில்லை.

ஒரு நடை என்றால் சோர்ஸில் வளையம் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, திரும்பிப் போவது. ஓட்டுநர் ஓட்டும் பகுதி 135 விநாடி. கடைசி 20 விநாடி சங்கிலியில் தொங்கப் போய்விடும் என்று வைத்தால் மிச்சம் 115. நல்ல ரோபோவுக்கு ஒரு நடை 12 விநாடி என்று வையுங்கள். 9 வளையம் போடும். தற்காப்பால் நடை 18 விநாடி ஆனால் 6 வளையம். வித்தியாசம் 3. சாதாரண வளையம் 2 புள்ளி. ஆக இத்தனை இடி, இத்தனை கைதட்டல், இத்தனை பம்பர் கிழிசலுக்கும் கிடைத்தது 6 புள்ளி. இதற்குள் ஓட்டுநர் ஒரு சாதாரண ஃபவுல் செய்தால் 2 புள்ளி போச்சு. ஒரு டெக் ஃபவுல் (பெரிய ஃபவுல்) என்றால் 5. இரண்டும் செய்தால் நீங்கள் எதிரணிக்குத்தான் ஆடியிருக்கிறீர்கள்.

இப்போது ஆம்பைக் கணக்கில் எடுங்கள். அவர்கள் ஆம்பில் இரண்டு வளையம் சேர்த்து, பொத்தானை அழுத்தினால் 10 விநாடிக்கு ஸ்பீக்கரில் விழும் வளையம் 5 புள்ளி, நான்கு வளையம் வரை. அந்த நேரத்துக்குள் விழ வேண்டிய வளையம் நேரம் கடந்து விழுந்தால்? வளையம் விழுந்துதான் இருக்கிறது, தடுக்கவே இல்லை, ஆனால் 3 புள்ளி காற்றில் போய்விட்டது. மற்ற நேரத்தில் 6 விநாடி தாமதத்துக்குப் பாதி வளையம்தான் விலை. அந்த 10 விநாடியில் ஒரே ஒரு விநாடி தாமதத்துக்கு 3 புள்ளி. அப்படியிருக்க ஆட்டம் முழுவதும் ஒரே இடத்தில் ஏன் நிற்கவேண்டும்?

தோசைக்கல் | செப்டம்பர் 15, மாலை 4:48

அக்கா, இதை எங்கள் பட்டறைப் பலகையில் எழுதி வைத்துவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். தகுதிச் சுற்றிலும் இதே கணக்குத்தானா?

எண்ணும்எழுத்தும் | செப்டம்பர் 15, மாலை 5:30

இல்லை. தகுதிச் சுற்றில் தற்காப்பு பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். வென்றால் 2 தரவரிசைப் புள்ளி. அதற்கு மேல் உங்கள் கூட்டணி 18 வளையம் போட்டால், இரு கூட்டணிகளும் ஒத்துழைத்த ஆட்டத்தில் 15 போட்டால், மெலடிப் புள்ளி ஒன்று. ஸ்டேஜில் தொங்கி வாங்கும் என்செம்பிள் புள்ளி இன்னொன்று. உங்கள் ரோபோ தற்காப்புக்குப் போனால் மெலடிக்கு மூன்று நான்கு வளையம் குறையும். எதிரணியின் மெலடியைத் தடுத்ததால் உங்கள் கணக்கில் ஒன்றும் ஏறாது. பிளே-ஆஃபில் இந்தப் புள்ளிகளே கிடையாது, வெற்றி மட்டும்தான். அதனால் அங்கே 6 புள்ளிக்கும் மரியாதை உண்டு.

ஆனாலும் தகுதிச் சுற்றில் ஓர் ஆட்டத்தில், ஒரு 30 விநாடியாவது, தற்காப்பு ஆடிக் காட்டுங்கள். கூட்டணி தேர்வில் இரண்டாம் சுற்று தலைகீழாக வரும்; 8ஆம் கூட்டணியில் தொடங்கி 1ஆம் கூட்டணியில் முடியும். ஆகவே முதலிடக் கூட்டணிக்கு மூன்றாவது ரோபோ மிகக் கடைசியில்தான் கிடைக்கிறது. வளையம் போடுகிறவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், மிஞ்சியவர்களில் யார் ஃபவுல் வாங்காமல் மறிப்பார்கள் என்று பட்டியலைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் "இவர்கள் தற்காப்பு ஆடியதை நாம் பார்த்ததே இல்லை" என்பதுதான் உங்களைத் தள்ளிவிடும் வாக்கியம். நான் அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

வரிச்சட்டை | செப்டம்பர் 15, இரவு 9:10

நடுவராகத் தொண்டு செய்கிறவன். என் அனுபவத்தைச் சொல்கிறேன். உங்கள் போட்டியில் உள்ளூர் விதி மாற்றம் இருந்தால் அதுவே செல்லும்.

ஸ்பீக்கர் முன்னால் நிற்கச் சொல்கிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டார்கள். அந்தப் பகுதி கண்ணிவெடி வயல். எதிரணி ரோபோ அதன் போடியத்தை, அதாவது ஸ்டேஜின் ஸ்பீக்கர் பக்கத்து முனையை, தொட்டுக்கொண்டு நின்றால் நீங்கள் அதைத் தொடக்கூடாது. அதன் பம்பரில் ஒரு விரலளவு ஆம்ப் வளாகத்துக்குள் இருந்தாலும் தொடக்கூடாது. யார் முதலில் வந்து மோதினார்கள் என்று வாதாடுவதில் பயன் இல்லை. உங்கள் ரோபோ அங்கே இருந்ததுதான் குற்றம். சோர்ஸ் வளாகத்துக்கும் இதே நியாயம்தான். ஆனால் சோர்ஸ் மூலை ஒன்று, எல்லை தரையில் தெளிவாகத் தெரியும். விங்குக்குள் போடியம், ஆம்ப், ஸ்டேஜ் என்று மூன்று பக்கமும் கவனிக்கவேண்டும்.

சுவரோடு அழுத்தி முடக்குவதை, அதாவது பின் செய்வதை, நாங்கள் 5 விநாடி வரை எண்ணுவோம். அதற்குள் விடவேண்டும். விடுவது என்றால் ஓர் அங்குலம் பின்னால் வந்து மறுபடி இடிப்பது அல்ல; 6 அடி விலகி 3 விநாடி தாண்டவேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கை தொடர்கிறது. நான்கு விநாடி அழுத்திவிட்டு நன்றாக விலகி, அவன் புறப்படும்போது மீண்டும் அவன் பாதையில் போய் நிற்கிற ஓட்டுநர்தான் எங்களுக்குத் தொல்லை தராதவர். அவரைத்தான் எதிரணி வெறுக்கும்.

இரண்டு ரோபோக்கள் சேர்ந்துகொண்டு சோர்ஸை மொத்தமாக அடைத்துவிடலாம் என்று யாருக்காவது யோசனை வந்தால், அதுவும் ஃபவுல்தான். 2019இல் டீப் ஸ்பேஸ் ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு தற்காப்பு ரோபோ மட்டும் என்றே விதி இருந்தது. இந்த வருடம் அவ்வளவு கறார் இல்லை, ஆனால் கூட்டுச் சேர்ந்து அடைப்பது அன்றும் இன்றும் ஆகாது.

இராப்பகல் | செப்டம்பர் 15, இரவு 9:31

பார்த்தீர்களா? தொடாதே, அழுத்தாதே, அடைக்காதே. இதைவிட வளையம் போடுவது சுலபம்.

கோடிபாடி | செப்டம்பர் 15, இரவு 10:20

ஊரில் சடுகுடு ஆடியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பாடி வருகிறவனை யாரும் துரத்த மாட்டார்கள். மூலைக்காரன் மூலையிலேயே இருப்பான். பாடுகிறவன் உள்ளே ஆழமாக வரவிட்டு, அவன் திரும்பிப் போகும் பாதையைத்தான் அடைப்பார்கள். இங்கேயும் அவன் சோர்ஸுக்குள் போகும்போது விட்டுவிடுங்கள்; வெளியே வரும்போது பிடியுங்கள்.

முன்னாள்ஓட்டுநர் | செப்டம்பர் 15, இரவு 10:44

உவமை அழகு. ஆனால் சடுகுடுவில் பிடிக்கலாம், இங்கே பிடிக்கக்கூடாது. கொக்கி போட்டு இழுத்தால் நடுவர் அண்ணா கையைத் தூக்கிவிடுவார். உடம்பை வைத்து மறிக்க மட்டும்தான் அனுமதி. பிடிக்க முடியாத சடுகுடுவில் மூலைக்காரன் என்ன செய்வான்?

கோடிபாடி | செப்டம்பர் 15, இரவு 10:52

அவன் மூச்சு முடியும் வரை காத்திருப்பான். 135 விநாடிதானே உங்கள் மூச்சு.

தோசைக்கல் | செப்டம்பர் 16, காலை 7:15

இதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சோர்ஸ் வாசல் எனக்கு ஏன் பிடித்தது என்று இப்போது புரிகிறது. அது எங்கள் சுவருக்குப் பக்கம். எங்கள் ஓட்டுநர் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கிறாள். தன் ரோபோவின் பம்பருக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அங்கிருந்து தெரியும். எதிரணியின் ஸ்பீக்கர் 16 மீட்டர் தள்ளி, நடுவில் இரண்டு ஸ்டேஜ்கள் மறைக்கும். வசந்தத்தில் நாங்கள் வாங்கிய ஃபவுல்கள் எல்லாம் அந்தத் தூரத்துப் பக்கத்தில்தான். அவள் கவனக்குறைவு என்று நினைத்துக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். அவளுக்குத் தெரியவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. இன்று பட்டறையில் சொல்லவேண்டும்.

இன்னொன்று. சோர்ஸ் வாசலில் நின்றால் எங்கள் ஸ்பீக்கரும் அதே கரையில்தான். எதிரணி தவறவிடும் வளையத்தை எடுத்து நாங்களே போட்டுவிடலாம்.

எண்ணும்எழுத்தும் | செப்டம்பர் 16, பகல் 12:40

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாசலில் நிற்கும் ரோபோ முழுநேரக் காவல்காரன் ஆகவேண்டியதில்லை. வளையம் யார் கையில் இருந்து விழுந்தாலும் எடுத்தவனுக்குச் சொந்தம். ஆட்டத்துக்கு இரண்டு வளையம் பொறுக்கிப் போட்டாலும் 4 புள்ளி. முன்பு நான் சொன்ன 6 புள்ளியோடு சேர்த்தால் 10. விங்குக்குள் போனவருக்கு இந்த 4 கிடைக்காது.

முன்னாள்ஓட்டுநர் | செப்டம்பர் 16, மாலை 6:25

அக்கா, கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எதிரணி உங்கள் கணக்குப்படி ஆடினால்தான். பெரிய போட்டிகளில் என்ன நடந்தது? ஒரு ரோபோ சோர்ஸுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் மட்டும் ஓடி, வளையங்களை அங்கிருந்தே தன் விங்குக்குள் வீசிப் போட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று விங்குக்குள்ளேயே இருந்து அவற்றைப் பொறுக்கி ஸ்பீக்கரில் போடும். வாசலில் நீங்கள் வீசுகிறவனைத் தாமதப்படுத்தலாம். ஆனால் அதற்குள் ஐந்தாறு வளையம் அங்கே குவிந்துவிட்டால்? பொத்தானை அழுத்துவார்கள், 10 விநாடிக்குள் நான்கையும் பொறுக்கிப் போடுவார்கள். 20 புள்ளி. நீங்கள் 14 மீட்டர் தள்ளி வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

குவியலுக்கு மருந்து குவியலின் மேலேயே போய் நிற்பதுதான். தள்ளக்கூட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வளையம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், ஒன்றை விழுங்கிக்கொண்டு எங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டால் அவர்களுக்கு ஒரு முழு நடை வீண். மற்ற வளையங்களுக்கு இடையில் நம் ரோபோ படுத்துக் கிடந்தால், பொறுக்குகிறவன் ஒவ்வொன்றுக்கும் நம்மைச் சுற்றி வரவேண்டும்.

வரிச்சட்டை | செப்டம்பர் 16, இரவு 8:50

போடியத்துக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள். அவ்வளவுதான்.

பச்சைவயர் | செப்டம்பர் 16, இரவு 11:30

இடத்தை முடிவு செய்வதற்கு முன் உங்கள் மின்சாரம் அதைத் தாங்குமா என்று பாருங்கள். யாரும் பேசாததால் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் பிட்டில் (குழுக்கள் ரோபோவைப் பழுது பார்க்கும் இடம்) இந்தக் கண்ணீரைப் பார்க்கிறேன்.

தள்ளும்போது மோட்டார்கள் சுழலாமல் மின்னோட்டத்தை மட்டும் குடிக்கின்றன. 12 வோல்ட் பாட்டரி துவண்டு 7 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரோபோரியோ, அதாவது ரோபோவின் மூளைக் கணினி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மோட்டார்களை நிறுத்தும். ரோபோ விக்கல் எடுப்பது போல் நின்று நின்று போகும். இன்னும் தள்ளினால் 120 ஆம்பியர் முதன்மை பிரேக்கர் சூடேறி விழுந்துவிடும். அப்புறம் ஆட்டம் முடியும் வரை உங்கள் ரோபோ 60 கிலோ மேசை. ஒரு மேசை எங்கே நின்றாலும் தற்காப்புதான் என்று சொல்லாதீர்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டேன்.

ஓட்டு மோட்டார்களுக்கு மின்னோட்ட வரம்பு போடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. நிற்கும்போது நான்கு சக்கரத்தையும் பெருக்கல் குறி போலத் திருப்பி வைக்கும் பொத்தான் ஒன்றை ஓட்டுநருக்குக் கொடுங்கள். அப்படி நின்றால் எதிரிதான் தன் பாட்டரியைச் செலவு செய்து உங்களைத் தள்ளவேண்டும்; உங்கள் ஓட்டு மோட்டார்கள் அநேகமாக ஒன்றும் செலவழிக்கவேண்டாம். பிளே-ஆஃபுக்குப் புதிதாக மின்னேற்றிய பாட்டரிகளை ஒதுக்குங்கள். பம்பர் துணி கிழிந்தால் தைக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் என் பொறுப்பு இல்லை.

முன்னாள்ஓட்டுநர் | செப்டம்பர் 17, காலை 12:10

பச்சைவயர் அண்ணா சொன்னதோடு ஒன்று. நிற்கும் கோணம். எதிரியின் மூக்கு உங்கள் விலாவின் நடுவில் இடிக்கும்படி குறுக்காக நில்லுங்கள். அவன் முழு பலத்தோடு தள்ளினாலும் நேராகத்தான் தள்ள முடியும். பம்பர் துணி பம்பர் துணியைக் கவ்வும், நழுவிப் போக நேரமாகும். மூலைக்கு மூலை இடித்தால் அவன் ஸ்வெர்வ் உங்களைச் சுழலும் கதவாக்கிவிட்டுப் போய்விடும். எங்கள் குழுவில் ஒரு பழைய ரோபோவை விட்டு இதை மட்டுமே ஒரு மணி நேரம் பழகுவோம், வளையமே இல்லாமல்.

இராப்பகல் | செப்டம்பர் 17, காலை 9:00

இவ்வளவு எழுதினீர்கள். அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா?

தோசைக்கல் | செப்டம்பர் 18, இரவு 10:35

கேட்டேன். இராப்பகல் அவர்களே, உங்கள் கேள்வி இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

முதலில், தூரத்துப் பக்க ஃபவுலுக்காகக் கடிந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். பிறகு சொன்னாள்: தற்காப்பு ஆடுவதில் வருத்தம் இல்லை, ஆட்டம் முடிந்து வரும்போது எத்தனை போட்டோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதற்குச் சொல்ல எண் இல்லை, அதுதான் வருத்தம் என்று. அதனால் ஸ்கவுட்டிங் பிள்ளைகள் தங்கள் தாளின் அட்டவணையில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். எதிரணியின் ஒவ்வொரு நடைக்கும் எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் குறிப்பார்கள், அவள் மறித்தது தனியாக, மறிக்காதது தனியாக.

இடத்தைப் பற்றி இப்படி முடிவு செய்தோம். வீடு சோர்ஸ் வாசல். வளாகக் கோட்டிலிருந்து ஒரு ரோபோ நீளம் தள்ளி, குறுக்காக, சக்கரம் பெருக்கல் குறி. எதிரணி ரோபோ ஒன்று ஆம்ப் பக்கம் முதல் தடவை போனால் டிரைவ் கோச் (ஓட்டுநருக்கு அருகில் நின்று வழி சொல்பவன்) "ஒன்று" என்பான். இரண்டாவது தடவை புறப்பட்டதும் "இரண்டு". அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கிளம்பி விங்குக்குப் போகவேண்டும். பொத்தானை அழுத்துவதற்குள் குவியலின் மேல் இருக்கவேண்டும். 10 விநாடி முடிந்ததும் திரும்பி வாசல். கடைசி 20 விநாடியில் எதிரணியின் ஸ்டேஜ் பக்கம் தலை வைத்தும் படுக்கக்கூடாது, வீட்டுக்கு வந்து சேரவேண்டும்.

முன்னாள்ஓட்டுநர் | செப்டம்பர் 18, இரவு 11:02

ஆம்பில் வளையம் சேர்ந்தால் விளக்கு எரியுமே, அதைப் பார்க்கச் சொல்லலாமே?

தோசைக்கல் | செப்டம்பர் 18, இரவு 11:09

அவ்வளவு தூரத்து விளக்கை நம்புவதைவிட, போகிற ரோபோவை எண்ணுவது சுலபம் என்கிறான் கோச். பதினாறு வயது. நான் வாதாடவில்லை.

எண்ணும்எழுத்தும் | செப்டம்பர் 19, காலை 8:20

அந்தப் பத்தியின் முடிவை இங்கே போடுங்கள். நல்லதோ கெட்டதோ.

தோசைக்கல் | அக்டோபர் 20, மாலை 7:50

போட்டி முடிந்தது. 6ஆம் கூட்டணியில் மூன்றாவது ரோபோவாகச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பிளே-ஆஃப் ஆட்டம் வென்றோம், அடுத்த இரண்டும் தோற்று வெளியேறினோம். இரட்டை நாக்-அவுட் (இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே) என்பதால் மூன்று ஆட்டம் ஆடக் கிடைத்தது.

வாசல் பலித்தது. மறித்த நடைகள் மறிக்காத நடைகளைவிட நான்கைந்து விநாடி நீளம் என்று பிள்ளைகளின் தாளில் இருக்கிறது. மூன்று ஆட்டத்துக் கணக்கு, பெரிதாக நம்பவேண்டாம். அவள் வாசலில் பொறுக்கிப் போட்ட வளையம் மொத்தம் ஐந்து. ஃபவுல் ஒன்று.

"இரண்டு" என்று கத்துவதுதான் பாதி பலித்தது. முதல் ஆட்டத்தில் அவள் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்து குவியலில் நின்றாள். 10 விநாடியில் அவர்களால் ஒன்றுதான் போட முடிந்தது. எங்கள் பிட்டில் அப்பாக்கள் எல்லாம் நாற்காலியில் ஏறி நின்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில் எதிரணி இரண்டு வளையத்தையும் சேர்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தவே இல்லை. அவள் அங்கே போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார்கள். இந்தப் பக்கம் வாசல் திறந்து கிடந்தது. மூன்று வளையம் தடையில்லாமல் உள்ளே வந்தன. அவள் பொறுமை இழந்து திரும்பி நடுக்கோட்டைத் தாண்டியதும் அழுத்தினார்கள். நான்கும் விழுந்தன.

முன்னாள்ஓட்டுநர் | அக்டோபர் 20, இரவு 8:15

ஐயோ. அந்த டிரைவ் கோச் யார்? கை கொடுக்கவேண்டும்.

அடுத்த தடவை அவர்கள் அழுத்தாமல் காத்திருந்தால் அங்கேயே இருங்கள். அழுத்தாத பொத்தானும் அவர்களுக்கு நஷ்டம்தான். அந்த நேரத்தில் விழுகிற வளையமெல்லாம் 2 புள்ளிதான்.

எண்ணும்எழுத்தும் | அக்டோபர் 20, இரவு 8:40

அங்கேயே இருந்தால் வாசல் வழியாக வரும் ஒவ்வொரு வளையமும் குவியலைப் பெரிதாக்குகிறதே. எத்தனை விநாடிக்கு மேல் காத்திருந்தால் யாருக்கு நஷ்டம்? இன்றிரவு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

தோசைக்கல் | அக்டோபர் 20, இரவு 9:05

போடுங்கள் அக்கா. அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காரில் வரும் வழியெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து தாளில் ஏதோ வரைந்துகொண்டே வந்தாள். ஸ்டேஜுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில், இரண்டு பக்கமும் எட்டுகிற மாதிரி ஓர் இடத்தில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். நடுக்கோட்டுக்கு வெறும் ஒரு மீட்டர் அந்தப் பக்கம். மகன் அதைப் பார்த்துவிட்டு "நான் அப்போதே சொன்னேன்" என்கிறான்.